சித்தி தைத்த வாத்துப் போர்வை

போன மாதம் என் மகள் கைப்பேசியில் ஒரு போர்வை வாங்கினாள். பிரித்துப் பார்த்தால் சதுரம் சதுரமாகப் பல நிறத் துணிகளை ஒட்டித் தைத்த மாதிரி இருந்தது. கிட்டே போய்த் தடவினேன். ஒட்டும் இல்லை, தையலும் இல்லை. ஒரே துணியில் சதுரங்களை அச்சடித்து, அவற்றின் ஓரத்தில் தையல் ஓடுவது போலப் புள்ளிக்கோடும் அச்சடித்திருந்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. தையலை அச்சடிக்கிறவன் நாளைக்குச் சோற்றையும் அச்சடிப்பான் என்றேன். "குளிருக்குத்தானேம்மா போர்வை, விடேன்" என்றாள் மகள்.

விட முடியவில்லை. துணி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. துண்டுத் துணியில் தைக்கும் போர்வை என்றால் ஒவ்வொரு துண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இதற்குப் பக்கத்தில் இது என்று ஒருத்தி உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அந்தத் துண்டுகளையும் மாடி மாடியாய் எழும்பி நிற்கும் கடைகளில் வாங்கக் கூடாது. அங்கே போய் அரை முழம் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சின்னக் கடையில்தான் வாங்க வேண்டும். இது எதற்கு என்று நம்மை விசாரிக்கிற ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இதைச் சொன்னால் என் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் துணி வாங்கக் கற்றுக்கொண்டது ஆவடி மார்க்கெட்டில் ஒரு கட்பீஸ் கடையில், சித்தியோடு.

எண்பதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தி, கல்யாணமாகிப் பக்கத்திலேயே சேக்காட்டில் வாடகை வீட்டில் இருந்தாள். சித்தப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். அவர்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. எனக்கு அப்போது பத்து வயது. அது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றியதில்லை. சித்திக்கு வேறு வேலை இல்லாததால்தான் சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கடைக்குக் கூட்டிப் போக முடிந்தது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

கட்பீஸ் கடை சின்னது. இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். வெளிநாட்டுக்கு உடுப்பு தைத்து அனுப்பும் கம்பெனிகளில் மிஞ்சுகிற துண்டுகள் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கடைக்கார அம்மாவுக்குப் பெருத்த உடம்பு. முக்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். துணியளக்கும் குச்சியை நீட்டியே வியாபாரம் செய்வார்.

"அத்த இல்ல கண்ணு, அதுக்குக் கீய. நீல மூட்டைல கீது பாரு. உனக்குன்னே ஒதுக்கி வெச்சிகீறேன்."

சித்திக்கென்று அவர் ஒதுக்கி வைப்பதெல்லாம் குழந்தைத் துணி. மஞ்சள் வாத்து, பலூன் பிடித்த கரடி, பாய்மரக் கப்பல், வெள்ளையில் சின்னச் சின்ன நட்சத்திரம். சித்தி ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சாயம் போகுமா, மொடமொடப்பாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு மணி நேரம் கிளறி, இரண்டு துண்டு எடுப்பாள். அந்த அம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஒருநாள் எங்கள் வீட்டில் வைத்து அம்மா அந்தப் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். வாத்தும் கரடியும் தரையில் விழுந்தன. அம்மாவின் முகம் மாறிப்போனது. எங்கள் பக்கத்தில் குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று ஒரு நூலைக்கூட வாங்கி வைக்க மாட்டார்கள். ஆசையை முன்கூட்டிக் காட்டினால் வருவது வராமல் போய்விடும் என்று பயம். வயிற்றில் இருக்கும்போதே வாங்கக் கூடாது என்றால், இன்னும் உண்டாகவே இல்லாத குழந்தைக்கு வாங்கலாமா?

"என்னடி இது? யாருக்கு?" என்றாள் அம்மா.

சித்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"இவளுக்குத்தான்க்கா. போர்வை தைக்கிறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு அண்ணன்களுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே கம்பளி. மார்கழியில் நான்தான் ஓரம். பாதி ராத்திரியில் கம்பளி அவர்கள் பக்கம் போய்விடும். எனக்கே எனக்கென்று ஒரு போர்வை வரப்போகிறது, அதிலும் வாத்து போட்ட போர்வை! குவார்ட்டர்ஸில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் போர்வை வந்தபாடில்லை. சித்தி தபால் கார்டை அளவாக வைத்துத் துண்டுகளை வெட்டுவாள். மிஷினில் கோத்து வரிசையாக்குவாள். உள்ளே வைக்க சித்தப்பாவின் பழைய வேட்டிகளை எடுத்தாள். துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன வேட்டிகள். பிறகு மேல்துணி, வேட்டி, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டாள். நூல் முடிச்சு ஒவ்வொன்றையும் ஊசி முனையால் உள்ளே தள்ளி மறைப்பாள்.

"எதுக்கு சித்தி? சீக்கிரம் தை" என்பேன்.

"முடிச்சு உறுத்தும்டி."

"எனக்கு ஒண்ணும் உறுத்தாது."

"உறுத்தும். உனக்குத் தெரியாது."

முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று நான் சந்தோஷப்படும்போது, கரடிக்குப் பக்கத்தில் கப்பல் சரியாக இல்லை என்று ஒரு வரிசையையே பிரித்துப் போடுவாள். சில சனிக்கிழமைகளில் கடையும் கிடையாது, தையலும் கிடையாது. சித்தியும் சித்தப்பாவும் ரயில் ஏறி எழும்பூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். இந்த ஆஸ்பத்திரி இல்லாமலிருந்தால் என் போர்வை எப்போதோ முடிந்திருக்கும் என்று எரிச்சலாக வரும். ஒருமுறை திருவேற்காட்டுக்கு எல்லோரும் போனோம். சித்தி மஞ்சள் துணியில் குட்டித் தொட்டில் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நானும் கண்ணை மூடி, போர்வை பொங்கலுக்குள் வர வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டேன்.

என் வேண்டுதலுக்கு உடனே பலன் கிடைத்தது. அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை சித்தியும் சித்தப்பாவும் எழும்பூரிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சித்தப்பா வாசலில் வந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது அப்பாவின் சைக்கிள். மறுநாள் காலையில் சித்தி மறுபடி வந்தாள், கையில் மடித்த போர்வையோடு. நாலு பக்கமும் ஓரம் தைத்து முடித்திருந்தாள்.

"இந்தா, உன்னோடது" என்றாள்.

அங்கேயே படுத்துப் போர்த்திக்கொண்டேன். அப்படி ஒரு மெத்தென்ற துணியை அதற்கு முன்னும் நான் தொட்டதில்லை, பின்னும் தொட்டதில்லை. ஆனால் கழுத்துவரை இழுத்தால் முழங்காலோடு போர்வை நின்றுவிட்டது. இரண்டு காலும் வெளியே.

"என்ன சித்தி, எனக்குன்னு சொல்லிட்டு இத்தனூண்டு தைச்சிருக்க? இது கைக்குழந்தைக்குத்தான் பத்தும்."

பளீரென்று முதுகில் ஓர் அடி விழுந்தது. அம்மா! கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. அழுவதற்குக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். சித்திதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா. அவ சொல்றது சரிதானே. வாடி, துணி வாங்கிட்டு வரலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் நல்ல கூட்டம். கடைக்கார அம்மா எங்களைப் பார்த்ததுமே குச்சியை நீலமூட்டைப் பக்கம் நீட்டினார். "வா கண்ணு. முயல் போட்டது வந்துகீது, கண்ல ஒத்திக்கலாம் போ."

சித்தி மூட்டைப் பக்கம் போகவில்லை. முன்னால் கிடந்த காப்பி நிறக் கெட்டித் துணியைக் காட்டி, அதில் ஒன்றரை மீட்டர் கேட்டாள். கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. சாயம் போகுமா என்றும் கேட்கவில்லை.

"இன்னாத்துக்கு இத்தப் போய்?"

"போர்வைக்கு. இவளுக்குப் பத்தல. கால் வெளிய நிக்குது."

கடைக்கார அம்மா என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தார். முக்காலியிலிருந்து எழுந்தார். எழுந்திருக்கவே மாட்டாரே, அவர் எழுந்ததில் முக்காலி சாய்ந்து விழுந்தது. சித்தியின் தோளைப் பிடித்து மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனார். "கடைய பாத்துக்கோ பாப்பா" என்று எனக்கு உத்தரவு வேறு.

நான் முக்காலியை நிமிர்த்தி, குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளியாக உட்கார்ந்தேன். உள்ளே என்ன பேசினார்களோ, சத்தமே இல்லை. பேரம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விலை கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

சித்தி வரும்போது முகம் கழுவியிருந்தாள். காப்பி நிறத்தை வெட்டப் போனபோது எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். காலுக்கும் வாத்துதான் வேண்டும் என்றேன். கடைக்கார அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி அதற்குள் கீழே உட்கார்ந்து நீலமூட்டையைப் பிரித்தாள். ஒரு மணி நேரம் கிளறினாள். கிடைத்த வாத்தை எல்லாம் எடுத்தாள். முயலையும் எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பையை நான்தான் சுமந்தேன். சித்தி என் இன்னொரு கையைப் பிடித்திருந்தாள். எப்போதும் ரோட்டைக் கடக்கும்போது மட்டும் பிடிப்பாள். அன்று வீடு வரும்வரை விடவில்லை. நான் அடி வாங்கியதற்காக அம்மாவிடமே எதிர்த்துப் பேசினாளே, கேட்டதும் வாத்து வாங்கித் தந்தாளே, சித்திக்கு இந்த உலகத்தில் என்னை விட்டால் வேறு யாருமே இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.