ஒத்திக்கு விட்ட வீடு

வீட்டை வாங்கிப் போடு, அது சோறு போடும் என்றார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட வீட்டை வாடகைக்கு விட்டவர் இல்லை. நான் காரியாபட்டியில் பள்ளிக்கூட குமாஸ்தா. ஓய்வுக்குப் பிறகு வாடகை வரும் என்று நம்பி, விஸ்வநத்தம் பக்கம் இரண்டு அறையும் அடுப்படியும் உள்ள ஒரு தனி வீட்டை வாங்கினேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான்.

மோட்டார் புகைந்தது. மொட்டை மாடித் தட்டோடுகள் பெயர்ந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியது. கக்கூஸ் தொட்டி நிரம்பி வாசலில் வழிந்தது. கழிவு அள்ளும் லாரி வருவதற்குள் தெருவே என்னைத் திட்டித் தீர்த்தது. முதலில் குடியிருந்தவர்கள் மூன்று மாத வாடகையும் தராமல், ஃபேனையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மாதாமாதம் கையேந்தி நிற்கிற பிழைப்பே அருவருத்துப்போய், அடுத்து வந்த குடும்பத்துக்கு ஒத்திக்கு விட்டேன். அவர்கள் மொத்தமாக மூன்று லட்சம் தருவார்கள். மூன்று வருஷம் வாடகை கிடையாது. காலி செய்யும்போது முழுப் பணத்தையும் நான் திருப்பித் தர வேண்டும்.

புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் வெவ்வேறு பட்டாசு கம்பெனியில் வேலை. ஒரே மகள். அவர்கள் தந்த பணத்தில் போர் போட்டேன். அறுநூறு அடி போயும் புழுதிதான் வந்தது. மிச்சத்தில் காம்பவுண்டு சுவர் எழுப்பினேன். அந்தச் சுவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் வருஷம் சித்திரையில் அந்தம்மா போன் செய்தார்.

"அண்ணே, புள்ள பன்னெண்டு முடிச்சிட்டா. மதுரையில நர்சு படிப்புக்கு எடம் கெடச்சிருக்கு. ஆனியில பணம் கட்டணும். நாங்க என் தம்பி வீட்டுல போயி ஒதுங்கிக்கிர்றோம், நீங்க ஒத்திப் பணத்த ரெடி பண்ணிருங்க. என்னைய மாதிரி அவளும் இந்த வெடிமருந்துத் தூசியில கெடக்கக் கூடாதுண்ணே."

"அதுக்கென்னம்மா, தந்துர்றேன்" என்றேன். கையில் பத்தாயிரம்கூட இல்லை. ஊரில் எல்லோரும் செய்வதுபோல, அடுத்து ஒத்திக்கு வருகிறவரிடம் வாங்கி இவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். வந்து பார்த்த நாலு பேரும், தண்ணீர் இல்லாத வீடு எதற்கு என்று திரும்பிப் போனார்கள்.

வைகாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் வெடித்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். கேட்டால், அந்தம்மாவின் புருஷன் வேலை பார்க்கிற கம்பெனி போலத்தான் இருந்தது. என் மனதில் முதலில் வந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். அவர் போய்விட்டால் நஷ்டஈடு வரும், அந்தம்மா ஒத்திப் பணத்துக்கு அவசரப்படமாட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் போன் அடித்தேன்.

"அவுகளுக்கு ஒண்ணுமில்லண்ணே. வெடிச்சது பக்கத்துக் கம்பெனி. இப்பத்தான் வீடு வந்து சேந்தாக" என்றார். அழுதுகொண்டிருந்தார். "சொந்தக்காரவுக ஒருத்தரும் இன்னும் என்னான்னு கேக்கல. எங்கனயோ இருந்துக்கிட்டு நீங்கதான் கேட்டீக. இம்புட்டு நல்ல மனுசரப் போயி ரூவாயக் கேட்டு நெருக்கிட்டேனே. மெதுவாக் குடுங்கண்ணே. புள்ளைய அடுத்த வருசம் சேத்துக்கிர்றோம்."

வீட்டில் என் மனைவியின் நகை இருந்தது. அடகு வைத்திருக்கலாம். "சரிம்மா" என்று சொல்லி போனை வைத்தேன். ஆனி பிறந்ததும் அந்தப் பிள்ளை அம்மாவோடு கம்பெனி வேனில் வேலைக்குப் போனாள்.