டைவோவுக்கும் ஒரு வாய்

ஏதோ ஒரு சிவப்பு மரத்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கிற வாசனை, பொன்மலைப்பட்டியில் நாங்கள் குடியிருந்த மாடி நடை முழுக்கக் காலையிலேயே பரவிவிடும். பக்கத்துப் "போர்ஷனில்" நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவர் இங்கே ஆராய்ச்சி மாணவர், மனைவி ஃபோலாக்கே ஆன்ட்டி, மகன் கெஹிண்டேவுக்கு மூன்று வயது. ஆன்ட்டி அந்த எண்ணெயைத் தடவியது ஒரு சாண் உயர மரச்சிற்பத்துக்கு. வளர்ந்த ஆளின் முகம், அகன்ற விழிகள், நீலம் பூசிய உயரமான கொண்டை, இடுப்பில் மணிச்சரம். தினமும் துடைத்துத் துடைத்து அதன் கன்னங்கள் மெருகேறியிருந்தன.

அதற்கு அவர் சோறு ஊட்டுவதை வீட்டுக்கார அம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். "சூனியமா இருக்கும்போல. காலி பண்ணச் சொல்லப்போறேன்" என்று என் அம்மாவிடம் வந்து நின்றார். "இருங்கம்மா, நான் கேட்டுட்டு வரேன்" என்று அம்மா போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"இது டைவோ," என்றார் ஆன்ட்டி, தமக்குத் தெரிந்த தமிழில். "கெஹிண்டே கூடப் பிறந்தது. உடனே போயிடுச்சு. ட்வின்ஸ்ல ஒண்ணு போனா எங்க ஊர்ல மரத்துல செய்வாங்க. இவனுக்குச் சோறுன்னா அதுக்கும் சோறு. இவனுக்குச் சட்டைன்னா அதுக்கும் சட்டை. மறந்தா கோச்சுக்கும், இவனையும் கூப்பிட்டுக்கும்."

எனக்கு முன்னால் பிறந்து ஆஸ்பத்திரியிலேயே இறந்த ஓர் அண்ணன் உண்டு என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் அவனைப் பற்றி வாய் திறந்ததில்லை. அம்மா கையை நீட்டி டைவோவை வாங்கி, மடியில் வைத்து, நகர்ந்திருந்த மணிச்சரத்தைச் சரிசெய்தாள்.

வெளியே வந்து, "அது பொம்மை இல்லீங்கம்மா, அவங்க புள்ள. அவங்கள அனுப்புறதா இருந்தா நாங்களும் காலி பண்ணிடுறோம்" என்றாள். யாரிடமும் அதிர்ந்து பேசாத என் அம்மாவா இது என்று எனக்கு ஆச்சரியம். "என்னவோ, கதவச் சாத்திக்கிட்டு செய்யச் சொல்லு" என்று முனகியபடி வீட்டுக்கார அம்மா இறங்கிப் போனார்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்தாள். ஒன்று என் உள்ளங்கை அகலம்தான். அதை டைவோவுக்குப் போட்டுப் பார்த்த ஆன்ட்டி சிரித்தார், பிறகு அம்மாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "உங்கண்ணனுக்கும் பேர் வெச்சிருந்தோம். செல்வம்."

செத்த பிள்ளையை ஒளித்துவைக்காமல் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்த அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் மனம் வணங்குகிறது. படிப்பு முடிந்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். பிறகு தகவல் இல்லை. எல்லார் வாசலும் ஒரே நடையில் திறந்த அந்த வீடும் இல்லை, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் கல்யாண வீடுகளில் எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அம்மா, "ஒரே பொண்ணுங்க" என்பாள். போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு விசேஷத்தில், பக்கத்து இலைக்காரர் அதையே கேட்டார்.

"ரெண்டு பேருங்க," என்றாள் அம்மா. "மூத்தவன் செல்வம்."