அப்பா கழுவிக்கொண்டே இருந்த மீன்தொட்டி

நனைந்த கருங்கல் தூளுக்கு ஒரு வாசனை உண்டு. மழை விழுந்த மண்ணின் வாசனையைப் போல அது மூக்குக்கு இதமானதல்ல. சற்றுக் கசப்பாக, இரும்பும் டீசலும் கலந்து, தொண்டையின் அடிவரை போய் நிற்கும். வருடத்தில் முக்கால்வாசி நாட்கள் எங்கள் வீட்டில் இல்லாத அந்த வாசனை, வடக்கே மழை இறங்கி, போர் என்கிற ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளெல்லாம் வேலை நின்று ஊர் திரும்பும் ஆடி மாதத்தில், அப்பாவின் துணிப்பையோடு வீட்டுக்குள் வரும். அம்மா பையை வாசலிலேயே பிடுங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் சோப்புத்தூளில் ஊறப்போட்டுவிடுவாள். அவள் வாளி எடுத்து வருவதற்குள் நான் ஒருதரம் பைக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்துவிடுவேன்.

மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் ரிக் வண்டிக்காரர்கள். அப்பா "டிரில்லர்"; அதாவது வண்டியின் பின்னால் நின்று, குழாய் பூமிக்குள் இறங்குவதை நெம்புகோல்களால் ஆட்டுவிப்பவர். சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்ற பெயர்களெல்லாம் புவியியல் புத்தகத்தில் வருவதற்கு முன்பே எங்களுக்கு அத்தை வீடு போலப் பழக்கம். யார் அப்பா எத்தனை அடி ஆழம் இறக்கினார் என்பதில் தெருப் பிள்ளைகளுக்குள் கைகலப்பே நடந்திருக்கிறது. அந்த அப்பாக்களுக்கோ தம் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பது பக்கத்தில் நிற்கும் மனைவியைக் கேட்டால்தான் தெரியும். கம்ப்ரசர் இரைச்சலில் வருடக்கணக்காக நின்றதில் அவர்களுக்குக் காதும் பாதி போயிருக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் தெருவில் ரகசியம் என்று எதையும் பேச முடியாது.

ஊரில் இருக்கும் அந்த இரண்டு மாதம் அப்பா எதையும் மறுக்கமாட்டார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது சேலத்தில் ஒரு பல் மருத்துவரின் அறைக்கு வெளியே கண்ணாடித் தொட்டியில் மீன்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து, அதே போல ஒன்று வேண்டும் என்றேன். அந்த வருடம் அப்பா வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு அம்மாபேட்டையில் ஒரு மீன் கடைக்குப் போனார். தொட்டி, வெள்ளைக் கூழாங்கல், குமிழி விடும் மோட்டார், அதோடு இணைக்கும் பஞ்சு, வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை, பாலிதீன் பையில் ஆரஞ்சு நிற மோலி மீன்கள் என எல்லாம் வாங்கிக்கொண்டு படியிறங்கியபோது, கடைக்காரர் பின்னாலிருந்து சொன்னார்.

"சார், தண்ணிய அடிக்கடி மாத்தாதீங்க. கொஞ்ச நாள் கலங்கும், அப்புறம் அதுவே சரியாயிடும்."

அப்பா திரும்பாமலே தலையை ஆட்டினார். அவர் காதில் அது விழுந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு விழுந்தது, ஆனால் என் கண்ணெல்லாம் முதலை மேல் இருந்தது. திரும்பி வரும் பேருந்தில், பழைய போர்வையில் சுற்றிய தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாப் பயணிகளுக்கும் கேட்கிற குரலில் அப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"இந்த மீனு பொழைச்சு நல்லா ஓடறதப் பாத்துப்போட்டுத்தான் சாமி இந்த வருசம் நான் வண்டி ஏறுவேன்."

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த போர், அப்பா தன் கையாலேயே போட்டது. ஊரே காவிரிக் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றாலும், தன் போர்த் தண்ணீருக்கு நிகரில்லை என்பது அவர் கட்சி. அந்தத் தண்ணீரைத்தான் தொட்டியில் நிரப்பினார். மீன்கள் ஓடின. முதலை வாயைத் திறந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போயின. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் அரிசி களைந்தது போல வெளுத்துக் கலங்கியது.

கலங்கிய தண்ணீரைக் கண்டால் ஒரு டிரில்லர் என்ன செய்வார் என்பதை எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பூமிக்குள் ஊற்று தட்டுப்பட்டதும் முதலில் வருவது சேறுதான். அதை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தால் போர் பாழ். கம்ப்ரசர் காற்றை உள்ளே செலுத்தி, வரும் தண்ணீரை வெளியே அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கைநிறைய ஏந்திப் பார்த்தால் ரேகை தெரிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. "ஃப்ளஷிங்" என்பது அதன் பெயர். அப்பா அதைத்தான் செய்தார். மீன்களைக் குண்டாவில் எடுத்து விட்டு, தண்ணீர் முழுவதையும் கொல்லையில் ஊற்றி, கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்த்து, பஞ்சைச் சோப்புப் போட்டுப் பிழிந்து, கூழாங்கற்களை வடகம் காயப்போடுவது போல வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் உலர்த்தினார். தண்ணீர் பளிச்சென்று ஆனது. நாலைந்து நாளில் மறுபடி கலங்கியது. மறுபடி ஊற்றிக் கழுவினார். மீன்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. நான் அழுதேன், பப்பாளி மரத்தடியில் புதைத்தேன். அப்பா அம்மாபேட்டைக்குப் போய் வேறு மீன்கள் வாங்கி வந்தார்.

இப்போது எனக்குத் தெரிகிறது. மீனின் கழிவிலிருந்து தண்ணீரில் ஒரு நஞ்சு சேரும். அந்த நஞ்சைத் தின்று செரிக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கூழாங்கல்லிலும் பஞ்சிலும் குடியேற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தொட்டியைக் கிளறாமல் விட வேண்டும். நாங்கள் வாரம் தவறாமல் அந்தக் குடித்தனத்தையே வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. அது எங்கள் பக்கம் தீபாவளியைவிடப் பெரிய நாள். சாலையோரம் வரிசையாக நிற்கும் ரிக் வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, துளை போடும் "பிட்" ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். அந்த வருடம் அப்பா வீட்டுக்கு வந்து மீன்தொட்டியின் மோட்டாருக்கும் ஒரு பொட்டு வைத்தார். பூஜை முடிந்த கையோடு வண்டிகள் ஒவ்வொன்றாக வடக்கே கிளம்பும். எரிகிற கற்பூரத்தைத் தாண்டி அவை ஹாரன் அடித்துக்கொண்டு போகையில் தெருவிலுள்ள பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள், கேட்டால் கற்பூரப் புகை என்பார்கள். அந்த முறை எல்லா வீட்டு அப்பாக்களும் போனார்கள். என் அப்பா போகவில்லை. தொட்டியில் அன்றைக்குக் காலையில்தான் ஒரு மீன் செத்திருந்தது.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. மீன் பிழைத்தால் அப்பா போய்விடுவார், மீன்கள் செத்துக்கொண்டே இருக்கும்வரை வீட்டில் இருப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து தொட்டியைப் பார்ப்பேன். மீன் துடிப்பாக இருந்தால் ஒரு பயம், சோர்ந்து கிடந்தால் வேறொரு பயம். எந்தச் சாமியிடம் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல், பொதுவாக "நல்லா இருக்கோணும் சாமி" என்று மட்டும் சொல்லிவைத்தேன். யார் நல்லா இருக்க வேண்டும் என்பதைச் சாமியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. ரிக் முதலாளியின் மேனேஜர் அழைப்பார். அப்பா வாசலுக்குப் போய், "வாரேனுங்க, ஊட்டுல சின்ன வேலையொண்ணு கெடக்குதுங்க, முடிச்சுப்போட்டு வாரேனுங்க" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து பஞ்சைப் பிழிவார். அவருக்குப் பதிலாக வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் அம்மாவுக்கு இருந்தது. அதைவிட, இன்றைக்குப் போவாரா நாளைக்குப் போவாரா என்று தினமும் அரிசி அளக்கும்போது யோசிப்பது அவளால் முடியவில்லை. ஒருநாள் சோற்றைப் பரிமாறியபடியே சொன்னாள்.

"ஏனுங்க, போறதுன்னாப் போகோணும். இருக்கறதுன்னா இங்கயே ஒரு வேலையப் பாத்துட்டு இருக்கோணும். இப்படி ரண்டுங்கெட்டானா நின்னா நானும் புள்ளையும் என்னத்தைப் பண்றது?"

அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் அம்மா, அடுத்த வீட்டு எருமைகள் தண்ணீர் குடிக்கும் சிமெண்ட் தொட்டிக்குள் கையை விட்டு, அடியில் பாசி பிடித்து வழுவழுவென்று கிடந்த கற்களை ஒரு போசி நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். கொசுப்புழுவைத் தின்பதற்காக யாரோ விட்ட பொடி மீன்கள் அந்தத் தொட்டியில் யார் கவனிப்புமின்றித் திரிந்துகொண்டிருந்தன. அழுக்கு என்றால் ஆகாத என் அம்மா, அந்தக் கற்களைக் கழுவாமல் அப்படியே எங்கள் மீன்தொட்டியில் போட்டாள். வாளியோடு வந்த அப்பாவைப் பார்த்து, "அந்தத் தொட்டிய எவன் தினமும் தேச்சுக் கழுவறான்? அதுல மீனு சாவுதா? இனி இதுல ஆரும் கை வெக்கப்படாது" என்றாள். அப்பா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைவீதிப் பக்கம் போய்விட்டார்.

தண்ணீர் கலங்கியது. யாரும் தொடவில்லை. எப்போது தெளியத் தொடங்கியதென்று கவனிக்கவில்லை. ஒரு காலையில் தொட்டிக்குப் பின்னால் இருந்த நாட்காட்டியின் தேதி கண்ணாடி வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. மிச்சமிருந்த மீன்கள் கல்லைக் கொத்திக்கொண்டு திரிந்தன. அப்பா அன்று பொழுது சாய்ந்ததும் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை நான் எழுந்தபோது அவர் வடக்கே போயிருந்தார். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் எடுத்து வைத்த புதுப் பாவாடையைக் கட்டவும் இல்லை. அப்பாவை அனுப்பிவைத்தது அவள்தான் என்று பல வருடங்கள் என் மனதில் கோபம் இருந்தது. தீபாவளியன்று அவளும் புதுச் சேலை கட்டவில்லை என்பதை நினைவிலிருந்து எடுத்துப் பார்க்க எனக்குக் கல்யாண வயது வரவேண்டியிருந்தது.

அதன் பிறகு அப்பா எங்கிருந்து அழைத்தாலும் முதல் கேள்வி, "மீனு ஓடுதா?" என்பதுதான். ஓடுது என்பேன். குட்டி போட்டது, குட்டிகளும் குட்டி போட்டன. நான் கல்லூரிக்குப் போன வருடம் தொட்டியின் மூலையில் விரிசல் விட்டது. அம்மா அதில் கொஞ்ச நாள் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். இன்று எங்கள் சாலையோரம் ரிக் வண்டிகள் நின்ற இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அம்மாபேட்டைக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். எருமைத் தொட்டியும் இல்லை, எருமையும் இல்லை.

வெளியூர் வேலை இப்போது எனக்கு. ஹைதராபாதில் இருக்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆடியில், விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். அப்பா முழங்கால் தேய்ந்து வீட்டோடு இருக்கிறார். இந்த முறை அவருக்குப் பொழுது போகட்டும் என்று புதிய தொட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அந்த நுண்ணுயிர்களையே இப்போது புட்டியில் அடைத்து விற்கிறார்கள். நிறம் மாறும் தாளைத் தண்ணீரில் முக்கினால் நஞ்சு எவ்வளவு என்று காட்டிவிடுகிறது. எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன், இரண்டு தடவை, உரக்க. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஞாயிறு மாலை சேலத்தில் எனக்கு ரயில். கிளம்புவதற்கு முன் தாளை முக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மீன்கள் ஓடின.

அப்பா தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் பெட்டி வாசலில் தயாராக நின்றது. அவர் கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தண்ணி கலங்குன மாதிரி இருக்குது அம்மிணி. முழுசா ஊத்திப்போட்டு இன்னொருக்காப் புடிச்சரலாமா?"

தண்ணீர் தெளிவாக இருந்தது. பின்னால் மாட்டியிருந்த நாட்காட்டியின் தேதியை நின்ற இடத்திலிருந்தே என்னால் படிக்க முடிந்தது. கடைக்காரர் சொன்னது அன்றைக்கு உங்கள் காதில் விழுந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். இனி இதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அம்மா வந்து சொல்வாள் என்று சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

அம்மா வந்தாள். கையில் கொண்டுவந்த காலி வாளியைத் தொட்டிக்குக் கீழே வைத்துவிட்டு, வாசலில் இருந்த என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.