பாக்கியம் கடித்துப் பார்த்த நெல்

ஊறிய நெல்லுக்கு ஒரு புளித்த மணம் உண்டு. சாக்கை அவிழ்த்தவுடன் மூக்கில் அடிக்கும். இப்போதும் அந்த மணம் வந்தால் வன்னியில் உருத்திரபுரத்துப் புழுதி வயல்தான் ஞாபகம்...

அறுபதுகளின் தொடக்கம். அங்கே ஒரு பரிசோதனைப் பண்ணையில் எனக்கு முதல் வேலை. பாத்தி அளந்து, முளைத்ததை எண்ணி, கொப்பியில் எழுதுவேன். அதனால் எல்லோருக்கும் நான் 'ரைற்றர்'.

மழைக்கு முன் புழுதியில் விதைக்கும் நெல்லை ஊறவைத்துப் போட்டால் கெதியாக முளைக்குமா என்பதுதான் பரிசோதனை. பொறுப்பதிகாரி சொன்னபடி ஊறவைத்து, ஈரத்தோடு விதைத்தோம். மழை பிந்தியது. அவ்வளவும் செத்தது.

பண்ணையில் கூலிக்கு வந்த பாக்கியம் வரம்பில் நின்று சிரித்தாள். அவளுக்கும் என் வயதுதான்.

"தண்ணி காட்டி எழுப்பிப்போட்டு, பிறகு தண்ணி குடுக்காட்டி அது சாகாதோ, ரைற்றர்?"

நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஓரிரவு ஊறவைத்து, முளை வருமுன் வடித்து, நிழலில் பாயில் காயப்போடுவார்களாம். கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டுமாம். அப்படி விதைத்தால் மழை வரும்வரை காத்திருக்கும், வந்ததும் முந்திக்கொண்டு முளைக்கும் என்றாள்.

அடுத்த போகம் அப்படியே செய்தோம். ஒவ்வொரு சாக்கிலும் அவள்தான் கடித்துப் பார்த்தாள். மற்றப் பாத்திகளுக்கு முன்னமே எங்கள் பாத்தி பச்சை பிடித்தது.

அறிக்கையில் அவள் பெயரை எழுதினேன். பொறுப்பதிகாரி பேனையால் வெட்டினார்.

"கூலியாளின்ர பேர் இதிலை வாறதில்லை, தம்பி."

பெயரில்லாமல் திருப்பி எழுதிக் கொடுத்தேன். "என்ர பேரும் கிடக்கோ?" என்று பாக்கியம் கேட்டாள்.

"ஓம், கிடக்கு" என்றேன்...

போன மாதம், கம்பஸில் படிக்கும் பேத்தி தன் ஆய்வைக் காட்டினாள். ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, புழுதியில் விதைத்த நெல். 'வன்னியில் முதன்முறையாக' என்று போட்டிருந்தது. நாங்கள் செய்ததைச் சொன்னேன்.

"ஒன்லைன்ல தேடினனான் அப்பப்பா. அப்பிடி ஒண்டும் இல்லை."

தேடி வராதது நடக்கவே இல்லையாம். இதற்குப் பெயர் படிப்பு! ஈரத்தை மெஷின் சொல்கிறது. ஒரு நெல்லை அவள் கடித்துப் பார்க்கவில்லை. பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. நாங்களாவது கேட்டோம்.

கேட்டுவிட்டு மறைத்தோம்.

கடைசிப் பக்கத்தில் பேராசிரியர்களின் பெயர்கள். அதற்குக் கீழே, 'களப் பணியாளர்களுக்கும் நன்றி.'

"ஆர் அவை, பிள்ளை?"

"பேர் தெரியாது அப்பப்பா."

அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை.