மூச்சு விடாத ஓபோக்காரர்

லண்டனில் என் வாடகை அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா. காலையில் தேநீர் ஆறுவதற்குள் கம்ப்யூட்டரைத் திறந்து வயலின்காரர்களை எழுப்பிவிடுவேன். யாரும் லீவு கேட்பதில்லை. மழை என்று சொல்லி நிற்பதில்லை. இலங்கையில் எங்கள் எஹலியகொட ரப்பர் தோட்டத்துக் கங்காணி ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கனவு கண்டது இப்படிப்பட்ட ஆட்களைத்தான். அசல் கலைஞர்கள் ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்து வைத்ததை, கீபோர்டைத் தட்டி நான் வேலை வாங்குகிறேன். அசல் ஆர்கெஸ்ட்ராவை நேரில் பார்த்ததில்லை. டிக்கெட் விலை அப்படி.

நான் படிக்கும் இசைப் பயிற்சியின் முடிவில் ஒரு சிறிய இசைத்துண்டு செய்து கொடுக்க வேண்டும். அசல்போல இருந்தால் எங்கள் ஆசிரியர் கொலினின் ஸ்டூடியோவில் உதவியாளர் வேலை. இல்லையென்றால் பேக்கரியில் பாண் அடுக்கும் வேலையே நிரந்தரம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் ஏ.எல். பாஸ் பண்ணியவள் நான். பாண் அடுக்கவா அத்தனை படிப்பு? நாதஸ்வரத்தின் ஒல்லியான வெள்ளைக்காரச் சொந்தமான ஓபோவை எடுத்து, ஒரே சுரத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பிசகாமல் நிற்க வைத்தேன். அதன்மேல் வயலின்களை ஏற்றினேன். எனக்கே புல்லரித்தது.

கொலின் கேட்டுவிட்டு, "இந்த ஓபோக்காரர் எங்கே மூச்சு விடுகிறார்?" என்றார்.

"எங்கள் ஊரில் விடமாட்டார்கள்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "தேயிலைத் தோட்டங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவ்வளவு கொடுமையா?" என்றார். எங்களுடையது ரப்பர் என்று மட்டும் திருத்தினேன்.

அப்பா அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுபவர். மாரியம்மன் திருவிழாவில் மட்டும் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்து ஊதுவார். ஒரே சுரம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்து, சாமி தேர் ஏறும்வரை அறுந்துபோகாமல் பிடிக்க வேண்டும். நடுவில் நின்றால் தோட்டமே திரும்பிப் பார்க்கும். இதைக் கொலினுக்கு விளக்க என் இங்கிலீஷ் போதவில்லை, வேலையோ வேண்டியிருந்தது. சுரத்தை வெட்டினேன். வெட்டிய இடங்களிலெல்லாம் மைக்கின் முன் நானே மூச்சு இழுத்துப் பதிந்து ஒட்டினேன். வயலின்களையும் மயிரிழை முன்பின்னாகக் கலைத்துவிட்டேன். பிழையில்லாமல் செய்யப் படித்தவள், சம்பளத்துக்காகப் பிழைகளை அளந்து போட்டேன். "இப்போதுதான் மனிதர்கள் வாசிக்கிறார்கள்!" என்று கொலின் கைகுலுக்கினார். வேலை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்து அதை ஒலிக்கவிட்டேன்.

"லைன் கட்டாவுதுங்க, போன ஆட்டாம புடிங்க" என்றார் அம்மா.

"லைன் இல்லடி, ஊதுறவன் சரியில்ல" என்றார் அப்பா. "ஏம்புள்ள, அந்தாளுக்குத் தம் கட்டத் தெரியலயே. விட்டு விட்டுல்ல ஊதுறான்?"

"ஆள் இல்லப்பா, கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டருக்கு எதுக்குப் புள்ள மூச்சு வாங்குது?"

"ஹரி ஹரி, பழகப் பழக வந்துரும்" என்று சிங்களச் 'சரி சரி'யோடு அவரே ஆறுதலும் சொல்லிவிட்டார்.

இப்போது அந்த இசை என்னிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஸ்டூடியோவில் இருப்பதில் ஓபோக்காரர் ஒழுங்காக என் மூச்சை வாங்கி விடுகிறார். அறையில் இருப்பதில் யாருமே மூச்சு விடுவதில்லை. அதைக் கேட்கும்போது நானும் மூச்சை அடக்கிப் பார்க்கிறேன். பாதி தாண்டுவதற்குள் வாய் திறந்துவிடுகிறது.