அவன் வைத்த வாசல்

சிலர் போன பிறகும் அவர்களுடைய பேச்சு ஆபீசிலேயே தங்கிவிடுகிறது. புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் கண்டிக்கு வந்து எங்களோடு வேலை செய்தவன், "ஒரு வீட்டுக்கு ஒரு வாசல்தான்னு எவன்யா சொன்னான்?" என்பான். ஜாவாவில் ஒரு புரோகிராமை வழக்கமாக ஓரிடத்திலிருந்துதான் தொடங்குவோம். ஸ்கூல் வான்காரர்களுக்காக நாங்கள் எழுதியதிலோ, பெற்றோருக்கு மெசேஜ் அனுப்புவது முதல் வேலைகள் பல. அதனால் @வாசல் என்று ஓர் அனோட்டேஷன் செய்தான். ஒரு வேலையைச் செய்யும் துண்டான எந்த மெதட்டுக்கு மேல் அந்த ஒரு வரியை எழுதுகிறோமோ, அங்கிருந்தும் தொடங்கலாம். ஓட்டும்போது அந்த வாசலின் பெயரைச் சொன்னால் போதும்.

மாரடைப்பில் அவன் போய்ச் சில மாதம் இருக்கும். கண்டியில் மழை பிடித்த ஒரு பின்னேரம், புதிய சேர்வரில் அதை ஓட்டிப் பார்த்தோம். சோதனைதானே என்று பெற்றோரின் எண்களை எல்லாம் நீக்கி வைத்திருந்தோம். சற்று நேரத்தில் அவன் மனைவி எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணே, ஆபீஸ் நம்பர்லருந்து மெசேஜ் வந்திருக்கு. 'பஸ் ஏறிட்டேன், தண்ணி சுட வை'ன்னு. யாருண்ணே ஏறுனது?"

என் கண் அவன் உட்காரும் வெறும் கதிரைக்குப் போனது.

"என் கை தானா தண்ணிய அடுப்புல வச்சிருச்சு. மாமி கொடைய எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு எறங்கிட்டாங்க. தன் மகன் நனைஞ்சிருவானாம். இன்னொருக்கா மெசேஜ் வந்தா அவங்க தாங்கமாட்டாங்கண்ணே."

ஆபீசில் எனக்கு மூத்தவரான யாழ்ப்பாணத்து அக்கா அது எங்கிருந்து போனதென்று தேடிப் பிடித்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது ஓட்டுவதற்கென்று அவன் எழுதி வைத்த சின்ன மெதட். அந்த மெசேஜும் மனைவியின் எண்ணும் அதற்குள்ளேயே இருந்தன. மேலே @வாசல்.

"பேர் சொல்லாட்டி எல்லா வாசலும் ஓடட்டும் எண்டு போன கிழமை நான்தான் மாத்தினனான், தம்பி. இதுவும் கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? முழுசா அழிப்பமே?"

"மேல உள்ள வரிய மட்டும் எடுங்க அக்கா."

எடுத்தார். மறுபடி ஓட்டினோம். திரையில் வந்த வாசல்களில் அது இல்லை. அவனுடைய வார்த்தைகளும் அவள் எண்ணும் உள்ளேதான் இருக்கின்றன. வெளியே வர வழியில்லை.

அவளைத் திரும்ப அழைத்தேன். "இனி வராதும்மா."

"சரிண்ணே. நானும் ரோட்டுலதான் நிக்கிறேன். அந்தா கண்டியிலருந்து பஸ் வருது. அது போனதும் மாமிய கூட்டிட்டு வந்துர்றேன்."

போனில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பஸ் மறுபடி கிளம்பும்வரை நான் போனை வைக்கவில்லை.