ஊர் ஊராக ஆடிய மாப்பிள்ளை

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தென்காசியிலிருந்து வெறுங்கையோடு வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்தேன், ஆதம்பாக்கத்தில் வீடு கட்டினேன், மகளை இன்ஜினியர் ஆக்கினேன். எல்லாம் ஆட்களை எடைபோடத் தெரிந்ததால்தான். அடிக்கடி கடை மாறுகிறவனை நான் வேலைக்குச் சேர்த்ததே இல்லை.

என் மகளோ ஒரு கால்பந்து ஆட்டக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். மைதானத்தின் ஓரமாகவே பந்தைக் கொண்டு ஓடுகிற விங்கர். கோவா, கொல்கத்தா, ஷில்லாங், கொச்சி என்று ஆடிவிட்டு இப்போது சென்னை அணியில் இருக்கிறார்.

"ஒரு எடத்துல நிலைக்காதவன் உன்னை வச்சுக் காப்பாத்துவானா?" என்றேன்.

"அப்பா, அது ஒண்ணும் உங்க பாத்திரக்கடை இல்ல" என்று அழுதாள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. கொச்சி அணி இங்கே ஆட வந்தபோது, அடையாறில் அவர்கள் பயிற்சி செய்த மைதானத்துக்கே போய், தமிழ் தெரிந்த அவர்கள் கோச்சிடம் பையனின் பேரைச் சொல்லி நேராகக் கேட்டேன்: "அந்தப் பையனை ஏன் வெரட்டுனீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "வெரட்டவா? ஒப்பந்தம் முடிஞ்சதும் உங்க ஊர்க்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க சார். இன்னிக்கும் எங்களுக்கு அவன் வேணும். நீங்க சொன்னா வருவானா?"

அப்பாடா என்று இருந்தது. எல்லா ஊரும் விரும்பிக் கூப்பிட்ட ஆளை, எல்லா ஊரும் துரத்திய ஆள் என்று நினைத்திருக்கிறேன்.

"அதெல்லாம் வரமாட்டாரு. அவரு எங்க வீட்டு மாப்ள" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டேன்.

அடுத்த மாதம் மயிலாப்பூரில் கல்யாணம். மாப்பிள்ளையைத் தானே கண்டுபிடித்ததாக அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். சொல்லட்டும். ஆனால் நேரில் போய் விசாரித்து முடித்துவைத்தவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.